சிஸ்டர் அகத்தா கேட்ட மிசோ

மொன்றியல்
11 நவம்பர் 2002

திரு. ஞானேந்திரன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கண்டு நீங்கள் திடுக்கிட வேண்டாம். ஒருவரும் சாகவில்லை. என் தம்பி றெக்ஸ் இங்கே பக்கத்தில் லவாலில் குடும்பத்தோடு சுகமாக இருக்கிறான். அவன்தான் உங்கள் விலாசத்தைத் தந்தான். எதற்கு என்று கேட்டான், நான் சொல்லவில்லை. கனடாவுக்கு வந்த பிறகு நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஒரு சொல்லின் அர்த்தம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே வயதுபோன கன்னியாஸ்திரிகள் இருக்கும் ஒரு மடத்தின் குசினியில் சமைக்கிறேன். எல்லாரும் பிரெஞ்சு பேசுகிறவர்கள். ஒருவர் மட்டும் ஜப்பான்காரி, சிஸ்டர் அகத்தா. இளவயதில் கப்பலில் வந்து, இங்கே பள்ளிக்கூடத்தில் பியானோ படிப்பித்தவர். போன கோடையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் கொஞ்சம் தேறிவிட்டன. பிரெஞ்சு தேறவில்லை. அரைநூற்றாண்டு கதைத்த பாஷை ஒரே நாளில் போய்விட்டது. இப்போது ஜப்பான் பாஷை மட்டும்தான், அதுவும் வாய்க்குள்ளே.

சாப்பிடுகிறார் இல்லை. நான் வைக்கிற சூப்பைக் கையால் தள்ளிவிட்டு "மிசோ" என்கிறார். மடத்துத் தலைவி மதர் ஜாக்லினுக்கு அது பூசை என்று கேட்கிறது. பிரெஞ்சில் பூசைக்கு மெஸ், பழைய லத்தீனில் மிசா. "பாவம், பூசை கேக்கிறா" என்று சக்கர நாற்காலியில் வைத்துச் சிற்றாலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அங்கே போனதும் அவர் அழுகிறார். பக்தியில் அழுகிறார் என்று மற்ற சிஸ்டர்மார் சொல்கிறார்கள். ஒரு ஜப்பான் மாணவியைக் கூட்டிவந்தும் கேட்டார்கள். அந்தப் பிள்ளை குனிந்து காதைக் கொடுத்துவிட்டு, கன்னியாஸ்திரிதானே, பூசைதான் போல என்று சொல்லிவிட்டுப் போனது.

எனக்கு அப்படிக் கேட்கவில்லை. நீங்கள் ஜப்பானுக்குப் போன புதிதில், மிசோ செய்கிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். "மீசையோ?" என்று நான் அயலுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதனால்தான் அந்தச் சொல் மறக்கவில்லை.

அது சாப்பிடுகிற சாமானா? பதில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அந்த மனிசி நாளுக்கு நாள் மெலிகிறார்.

யோசெப்பின்

*

பேசாலை, மன்னார்
6 டிசம்பர் 2002

யோசெப்பினுக்கு,

மிசோ சாப்பாடுதான். சோயா அவரையை அவித்து, அரைத்து, உப்பும் பூஞ்சணம் பிடிக்கவைத்த தானியமும் சேர்த்து, மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். களிபோல இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்தால் சூப். அங்கே அது இல்லாமல் காலைச் சாப்பாடு இல்லை.

ஜப்பானிலும் பூசைக்கு மிசா என்றுதான் சொல்வார்கள். ஆகவே கடைசி எழுத்தைக் கவனித்துக் கேளும். ஆ என்றால் கோவிலுக்குக் கொண்டுபோங்கள். ஓ என்றால் சாப்பிடக் கொடுங்கள். நான் வேலை செய்த இடத்தில் செய்தது கறுத்த மிசோ. கடையில் அதைக் கேட்டு வாங்கும்.

நீர் கேட்டதற்குப் பதில் முடிந்தது. இனி நான் ஒன்று கேட்கிறேன். மொன்றியல் பெரிய பட்டணம். ஜப்பான்காரரின் கடை ஒன்றில் போய் இந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அங்கேயே பதில் கிடைத்திருக்கும். முத்திரை ஒட்டி எனக்கு ஏன் எழுதினீர்? அதுவும் 'திரு.' போட்டு. என்னை ஜப்பானில் பிடித்துத் திருப்பி அனுப்பியபோது கொழும்பில் இருந்து உமக்கு ஒரு கடிதம் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. நான் உயிரோடு இருக்கிறேனா, கால் கை இருக்கிறதா என்று இந்தக் கடிதத்திலும் நீர் கேட்கவில்லை. ஒரு சிஸ்டர் மெலிகிறார் என்று எழுதியிருக்கிறீர்.

கால் கை இருக்கிறது. வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறேன். அக்கா வீட்டின் பின்னறையில் இருக்கிறேன்.

ஞானேந்திரன்

*

மொன்றியல்
29 டிசம்பர் 2002

ஞானேந்திரனுக்கு,

உங்கள் கடிதம் நத்தாருக்கு முதல் நாள் வந்தது. குசினிக்கு லீவு கேட்டு, பஸ் மாறி மாறிப் போய், நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் கடையைக் கண்டுபிடித்தேன். கறுத்த மிசோ இருந்தது. மேசையில் வைத்ததைப் பார்த்து மதர் ஜாக்லின், "யோசெப்பின், இது சொக்கலேற்றா?" என்று விரலால் தொட்டு வாயில் வைத்தார். பிறகு அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நத்தார் அன்று சூப் செய்தேன். நன்றாகக் கொதிக்கவைத்தேன். சிஸ்டர் அகத்தாவுக்கு அருகில் கொண்டுபோனதும் அவர் மூக்கை உயர்த்தி மணந்தார். இத்தனை நாளும் மூடிக் கிடந்த முகம் விரிந்தது. நான் கரண்டியைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். உடனே துப்பிவிட்டார். என் மேற்சட்டை முழுக்கத் தெறித்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக் கத்தினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மதர் என் தோளைத் தட்டி, "நீங்கள் உங்களால ஏண்டதைச் செய்தீங்கள். இனி விடுங்கோ" என்றார். எல்லாரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் உங்களுக்கு எழுதினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்குப் போயிருக்கலாம்தான். கடைக்காரியிடம் கேட்டால் அர்த்தம் மட்டும்தான் கிடைக்கும். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். எங்கள் சனம் நிறைய இருக்கிற இடம். கீழே தமிழ்க் கடை, பின் தெருவில் கோவில், ஞாயிறு தமிழ்ப் பூசை. ஆனால் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினால், பிறகு அடுத்த நாள் விடிந்து மெட்ரோவில் யாரோ "பார்தோன்" என்று இடித்துக்கொண்டு போகும்வரை எனக்கு ஒரு குரலும் இல்லை. சிஸ்டர் அகத்தாவுக்குப் பாஷை போனபோது மற்றவர்கள் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. அந்த இடம் எனக்குப் பழக்கம்.

நீங்கள் சுகமா என்று நான் கேட்கவில்லை என்பது உண்மை. இப்போது கேட்கிறேன். சுகமா?

அந்தச் சூப்பில் நான் என்ன பிழை விட்டேன்?

யோசெப்பின்

*

பேசாலை
21 ஜனவரி 2003

அன்புள்ள யோசெப்பின்,

பிழை உம்முடையது பாதி, என்னுடையது பாதி.

உம்முடைய பாதி: மிசோவைக் கொதிக்க விடக்கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, கடைசியில் கரைக்க வேண்டும். கொதித்தால் மணம் செத்துவிடும்.

என்னுடைய பாதி: அந்த மனிசி எந்த ஊர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கறுத்த மிசோ நான் இருந்த பக்கத்துச் சாப்பாடு. வேறு ஊர்க்காரருக்கு அது கசக்கும். எங்களோடு தெற்குத் தீவில் இருந்து வந்த ஒருவன் வேலை செய்தான். அவன் எங்கள் தொழிற்சாலை மிசோவை நாயும் தின்னாது என்பான். அவனுக்கு வீட்டில் இருந்து பார்சலில் வேறு மிசோ வரும். பார்லி சேர்த்தது, மஞ்சள் நிறம், கொஞ்சம் இனிக்கும். எங்களைப்போல வேதக்காரர் கூடுதலாக இருப்பது நாகசாகிப் பக்கத்தில். அதுவும் அந்தத் தெற்குத் தீவுதான். உம்முடைய சிஸ்டரும் அங்கே பிறந்தவராக இருக்கலாம். விசாரித்துப் பாரும். அப்படியென்றால் பார்லி மிசோ வாங்கும். சூப்புக்குத் தண்ணீர் சும்மா வைக்காமல் நெத்தலிக் கருவாட்டைத் தலையும் குடலும் நீக்கி ஊறப்போட்டுக் காய்ச்சும். அவன் அப்படித்தான் செய்வான். அவன் அறையின் மணம் எனக்குப் பேசாலைக் கரைபோல இருக்கும். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

வேலை கிடைத்ததைத் தவிர ஜப்பானைப் பற்றி நான் உமக்கு ஒன்றும் எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? ஆள் உயர மரப் பீப்பாய்கள். உள்ளே மிசோ. அதை அமத்துவதற்கு மேலே கல் அடுக்குவார்கள், கோபுரம்போல. கல் தூக்குவதுதான் என் வேலை. பிறகு ஒருவரும் தொடமாட்டார்கள். அது இரண்டு மாரி, இரண்டு கோடை அப்படியே கிடக்கும். அந்தக் களஞ்சியத்துக்கு மேலேதான் படுத்தேன். விசா முடிந்ததால் வெளியே போகப் பயம். பொலிஸ் பிடித்தால் போச்சு.

பீப்பாய்களில் பெயர் எழுத ஒருவர் வருவார். அவர் ஒருநாள் அந்தப் பெயரை எனக்கு விளங்கப்படுத்தினார். முற்காலத்தில் ஹிஷியோ என்று ஒரு பதார்த்தம் இருந்ததாம். அது முழுக்க ஆவதற்கு முன்னே எடுத்துச் சாப்பிட்டார்களாம். 'இன்னும் ஹிஷியோ ஆகாதது' என்று அதற்குப் பெயர் வைத்தார்களாம். அந்தப் பெயர் மிஷோ. வாயில் தேய்ந்து மிசோ. இது சரியோ பிழையோ தெரியாது, வேறு கதை சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் அவர் சொன்ன அந்த வாரத்தில்தான் உம்முடைய தந்தி வந்தது, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்து. சர்மிளா போய்விட்டாள் என்று.

நான் புறப்பட்டபோது நீர் அவளை வயிற்றில் வைத்திருந்தீர். நான் அவளைத் தூக்கவில்லை. ஒரு படத்தில்தான் கண்டேன். ஆகாமலே நின்றுபோன தகப்பன் நான். அழுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. 'ஆண்டவரின் சித்தம்' என்று எழுதி அனுப்பினேன். அதைப் படித்து உமக்கு என்மேல் வெறுப்பு வந்தது என்று றெக்ஸ் பிறகு சொன்னான்.

யோசெப்பின், அந்த நாளைப் பற்றி எனக்கு எழுதுவீரா? இவ்வளவு காலமும் நான் கேட்கவில்லை. கேட்டால் நீர் தனியே அதற்குள் திரும்பிப் போக வேண்டிவரும் என்று பயந்தேன்.

சுகமா என்று கேட்டிருந்தீர். சுகம்தான். முழங்கால் மட்டும் மாரியில் நோகும்.

ஞானேந்திரன்

*

மொன்றியல்
17 பெப்ரவரி 2003

சர்மிளாவின் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. சிஸ்டர் அகத்தா நாகசாகிக்கு அருகில் ஒரு சிறு தீவில் பிறந்தவர் என்று மதர் பழைய கோப்பைப் பார்த்துச் சொன்னார். பார்லி மிசோ வாங்கினேன். நெத்தலிக் கருவாடு எங்கள் தமிழ்க் கடையில் கிடைத்தது. நான் அதைக் காய்ச்சியபோது மடம் முழுக்க மணம். வெளியே சுவாசம் உறைகிற குளிர், சிஸ்டர்மார் போர்வையைப் போர்த்துக்கொண்டு யன்னல்களைத் திறந்து வைத்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. மதர் மட்டும், "கடவுளே, கப்பல் ஒண்டு உள்ளுக்க வந்த மாதிரி" என்றார்.

அடுப்பை அணைத்துக் கரைத்தேன். கரண்டி கொடுக்கவில்லை. கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடி தெரியும்வரை குடித்தார். "ஒய்ஷீ" என்றார். அதற்கு அர்த்தம் நீங்கள் சொல்லத் தேவையில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தே... சுமெதாய்" என்றார். 'தாய்' என்றுதான் என் காதில் விழுந்தது. இது என்ன சொல்? இவர் என்னை யார் என்று நினைக்கிறார்?

இப்போது தினமும் குடிக்கிறார். சோறும் கொஞ்சம் தின்கிறார்.

இனி நீங்கள் கேட்டது.

அவளுக்குக் காய்ச்சல் வந்து நாலைந்து நாள். முகாமில் மருந்து தந்தார்கள், குறைவதும் கூடுவதுமாக இருந்தது. எனக்கு அதைவிடப் பயம், அவள் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி, பால், பிஸ்கட், சர்க்கரைத் தண்ணீர், எது கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பினாள். நான் கெஞ்சினேன். ஒரு கட்டத்தில் கோபம் வந்து தாடையைப் பிடித்து ஊற்றினேன். துப்பிவிட்டாள். என்னைப் பார்த்தாள். பேசத் தெரிந்த பிள்ளை, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் என் மடியில் போனாள். வெயில் இருந்தது. பக்கத்துக் குடிலில் யாரோ வானொலி போட்டிருந்தார்கள். மண்டபத்தில் கோவிலுக்குப் பின்னால் புதைத்தோம். குருவானவர் இல்லை, உபதேசியார்தான் வந்தார். உங்களைப்போல மூக்கு அவளுக்கு. படத்தில் அது விளங்காது. நித்திரையில் ஒரு கையைக் காதோடு வைத்திருப்பாள். கடலைக் கண்டால் "பெரிய தண்ணி" என்பாள்.

நீங்கள் வந்திருக்க முடியாது என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்து என்ன? உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வியாவது இருக்கும் என்று தேடினேன். ஆண்டவரின் சித்தம் என்று இருந்தது. அதோடு என் வாயும் சாத்திக்கொண்டது.

சாப்பிடாமல் முகத்தைத் திருப்புகிற ஒருவரை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அதுதான் உங்களுக்கு எழுதினேன். கடைக்காரிக்கு இது தெரியாதே.

யோசெப்பின்

*

பேசாலை
12 மார்ச் 2003

யோசெப்பின்,

உம்முடைய கடிதத்தைக் கடற்கரையில் வைத்து வாசித்தேன். வீட்டில் வாசிக்க இடமில்லை. வள்ளத்துக்காரர் கூப்பிட்டார்கள், காது கேட்காத மாதிரி இருந்தேன்.

நீர் அவளுக்குச் செய்ததில் ஒரு குறையும் இல்லை. தாடையைப் பிடித்ததும் குறை இல்லை. இதைச் சொல்ல நான் ஆளில்லை என்றாலும் சொல்கிறேன். வேறு யாரும் உமக்கு இதைச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மூக்கைப் பற்றி எழுதியதற்கு நன்றி. கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். அக்கா என்ன என்று கேட்டா. "ஒண்டுமில்லை, தூசி" எண்டன்.

'தே' என்றால் கை. 'சுமெதாய்' என்றால் குளிர்ந்துபோய் இருக்கிறது. தாய் அல்ல. உம்முடைய கை குளிருது என்று அந்த மனிசி சொல்லியிருக்கிறார். மொன்றியல் குளிரில் கையுறை போடாமலா திரிகிறீர்?

ஞானேந்திரன்

*

மொன்றியல்
3 ஏப்ரல் 2003

சர்மிளாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பாத்திரம் கழுவிய கையோடு அவருக்குக் கிண்ணம் நீட்டுவேன், அதனால் குளிர்ந்திருக்கும். பத்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். என் கை குளிருது என்று சொன்ன ஒரே ஆள் அவர். அதுவும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவருக்குச் சொல்ல வேண்டும், இப்போது குளிரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று உங்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு காலை சிஸ்டர் அகத்தா இறந்துவிட்டார். இரண்டாவது தடவை பாரிசவாதம். வேதனை இல்லாமல் போனார் என்று டாக்டர் சொன்னார். புதன்கிழமை அடக்கம் செய்தோம். நிலம் இன்னும் இறுகிக் கிடந்ததால் இயந்திரம் கொண்டுவந்து வெட்டினார்கள். ஜப்பானில் இருந்து ஒருவரும் வரவில்லை. வருவதற்கு ஒருவரும் இல்லை என்று மதர் சொன்னார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று கிழமையும் அவர் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒக்காவரி." சூப் குடித்து முடித்ததும் வெறுங்கிண்ணத்தை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்து, "ஒக்காவரி" என்பார். நன்றி சொல்கிறார் என்று நானும் தலையைக் குனிந்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக் கழுவி வைத்துவிடுவேன். அவர் நான் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமையும் சொன்னார். அது அவருடைய கடைசிப் பேச்சு.

மதர் ஜாக்லின் அதை ஒரு ஆளின் பெயர் என்கிறார். ஒக்காவரி என்று சகோதரியோ, பிள்ளைப்பருவத் தோழியோ இருந்திருக்கலாம், அறிவிக்க வேண்டும் என்று அவருக்கு மனக்கிலேசம். ஒரு சிஸ்டர் அது அவர் பிறந்த தீவின் பெயர் என்று பூகோளப் படத்தில் தேடுகிறார். "உங்கட அவருக்கு எழுதிக் கேளுங்கோ" என்றார் மதர். 'உங்கட அவர்' என்று சொன்னார். நான் மறுக்கவில்லை.

சூப் கிண்ணம் மேசையில் இருக்கிறது. மிசோ குளிர்பெட்டியில் பாதி இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

யோசெப்பின்

*

பேசாலை
26 ஏப்ரல் 2003

அன்புள்ள யோசெப்பின்,

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிக் கிழித்துப்போட்டேன், திரும்ப எழுதுகிறேன். ஒக்காவரி ஒரு பெண்ணின் பெயர், அக்காவாக இருக்கும் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். நீரும் நம்பியிருப்பீர். மதரும் அந்தப் பெயருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருப்பார். எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் எங்களுக்கு இடையில் சொல்லாமல் விட்டது ஏற்கெனவே கனக்க இருக்கிறது.

ஒக்காவரி என்றால் 'இன்னும் ஒரு கிண்ணம் தாருங்கள்' என்று அர்த்தம். சாப்பிட்டு முடித்தவர் வெறுங்கிண்ணத்தை நீட்டி அப்படித்தான் கேட்பார்.

இதை வாசித்ததும் நீர் அப்படியே குந்தி இருந்துவிடுவீர் என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் இருப்பீர் என்று தெரியாது, உம்முடைய வீட்டை நான் கண்டதில்லை. பக்கத்தில் கதிரை ஏதாவது இருந்தால் நல்லது. யோசெப்பின், நான் சொல்வதைக் கேளும். தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்த மனிசி, இன்னும் வேணும் என்று கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறார். எனக்கு இது மட்டும்தான் விளங்குகிறது. மற்றதை நீர் எப்படி எடுப்பீரோ, அது உம்முடையது.

சண்டை நின்றதால் மடு மாதா கோவிலுக்கு இப்போது பாதை திறந்திருக்கிறது. ஆவணித் திருநாளுக்கு வெளிநாட்டில் இருந்து கனபேர் வருகிறார்களாம். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் யாரோ வரப்போகிறார்கள் என்று சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். அக்கா என்னைக் கேட்டா, "நீயும் அறைக்கு அடிக்கப்போறியோ?" என்று. "பேந்து பாப்பம்" எண்டன்.

அடிக்கட்டா?

ஞானேந்திரன்

*

மொன்றியல்
20 மே 2003

இஞ்சருங்கோ,

உங்கள் கடிதத்தை மடத்துக் குசினியில் வைத்து உடைத்தேன். கதிரை இருந்தது. ஆனால் நான் நிலத்தில்தான் இருந்தேன், சீமெந்தில். மதர் ஜாக்லின் தேடிக்கொண்டு வந்து, பயந்து, என்னோடு கீழே இருந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது, முழங்கால் மடங்காத மனிசி. நான் அர்த்தத்தைச் சொன்னேன். அவர் மேசையில் இருந்த கிண்ணத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அப்ப அவவுக்குப் பசிச்சிருக்கு" என்றார். "இருபது வருசம் அவவோட ஒரே மேசையில சாப்பிட்டிருக்கிறன். ஒருநாளும் தனக்கு இன்னும் வேணும் எண்டு அவ கேட்டதைக் காணேல்ல. கேட்டவ எண்டால், உன்னட்டத்தான் கேட்டிருக்கிறா." பிறகு இரண்டு பேருக்கும் எழும்ப முடியாமல் போய், தோட்டக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னோம். அவர் சிரித்தார். மதரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

நான் அந்தக் கிண்ணங்களை நினைத்து அழுகிறேன். அது இன்னும் கனகாலம் இருக்கும். நீங்கள் பொய் எழுதாமல் விட்டது நல்லது. பொய் என்று பிறகு தெரிந்திருந்தால் உங்களோடு இனி எந்தச் சொல்லையும் நம்பிக் கதைத்திருக்கமாட்டேன்.

மடத்தில் எனக்கு ஆவணியில் லீவு தந்திருக்கிறார்கள். றெக்ஸ் டிக்கட் எடுத்துவிட்டான், திருநாளுக்கு முந்தின கிழமை கொழும்பில் இறங்குகிறேன். போகும் வழியில் இந்தியாவுக்கு விசா எடுக்க முடியுமா என்று விசாரிக்கிறேன். கிடைத்தால் இரண்டு பேருமாக மண்டபத்துக்குப் போவோம். இடத்தை நான்தான் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த முறை.

இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்கிறேன், பிறகு மனவருத்தம் வேண்டாம். ஒன்று, நான் திரும்பிப் போகிற டிக்கட்டோடுதான் வருகிறேன். அங்கே நிற்பேனா, நீங்கள் இங்கே வருவீர்களா, இரண்டும் இல்லாமல் கடிதம் எழுதிக்கொண்டே இருப்போமா, எனக்குத் தெரியாது. கேட்டு அவசரப்படுத்தாதீர்கள். மற்றது, நான் தடித்துவிட்டேன். கண்ணாடி போடுகிறேன். தலை முன்பக்கம் முழுக்க நரைத்துவிட்டது, சாயம் பூசவில்லை. நீங்கள் புறப்பட்டபோது பார்த்த ஆளைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

கொழும்புக்கு வர வேண்டாம். விமான நிலையத்தில் சனத்துக்கு நடுவில் உங்களைக் காண எனக்கு ஏலாது. மன்னார் பஸ் நிலையத்தில் நில்லுங்கள். நான் இறங்கியதும் உடனே ஒன்றும் கதைக்க வேண்டாம். பெட்டியை மட்டும் வாங்குங்கள், பாரமாக இருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் யாருக்கு முதலில் வாய் வருகிறதோ, அவர் கதைக்கட்டும்.

அறைக்கு வெள்ளை அடியுங்கள்.

யோசெப்பின்